சிவப்புக் காரின் வெற்றிகள்

பழைய டிவி கேம் ஒன்றின்மேல் மனிதருக்கு இருக்கும் பிரியத்துக்கு அன்றைய சந்தை விலை நான்கு லட்சம்; நிஜமாக விளையாடியவரின் பிரியமாக இருந்தால் மட்டும். படகு எஞ்சின் மாற்றப் பணம் வேண்டி, ஐம்பது வயது ரூபன் தன் கார் பந்தய கேம் பிரியத்தை விற்கத் தூத்துக்குடிக் கடைக்கு வந்திருந்தான்.

"நம்ம செவப்புக் காரை ஜெயிக்க ஊர்ல ஆளில்ல. அஞ்சு போடுங்க, அண்ணாச்சி," என்றான் கடைக்காரரிடம்.

கூட வந்த அண்ணன் செல்வின், ரூபனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எலே, விக்காண்டாம். அந்த நாலு லட்சத்த நான் தாரேன்."

"பத்து ரூவா கைமாத்துக் கேட்டா பத்து நாள் மொகத்தக் காட்டமாட்ட. இப்ப என்ன திடீர் தருமம்?"

கடைக்காரர் ரூபனின் நெற்றியில் பட்டையைக் கட்டினார். சோதனைக்காக அவன் சிறுவயது நினைவு திரையில் ஓடியது. ஓரிடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினார். நீலக் காரை ஓட்டிய செல்வினின் ஜாய்ஸ்டிக் வயர் மட்டும் கேம் பெட்டியில் செருகியிருந்தது; ரூபன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கின் வயர் எதிலும் செருகப்படாமல் பாயில் கிடந்தது. கண் அன்றே பார்த்திருக்கிறது, மனம்தான் பார்க்கவில்லை. சிவப்புக் காரை ஓட்டியது மிஷின்.

ரூபன் திரையில் அந்த வயரின் நுனியை விரலால் தொட்டான்.

"செருக ஒரு ஓட்டதாம்ல வேல செஞ்சுது," என்றான் செல்வின். "நீ அழுத."

கடைக்காரர் அறிக்கையை நீட்டினார். சிவப்புக் கார் வென்றவை, இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ரூபன் ஓட்டியவை, பூஜ்யம்.