ஆளுக்கு ஒரு முத்திரை

சிவப்புத் தொப்பிக்காரர் மறுபடியும் ஏறுகிறாரே?

டீச்சருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இப்போதுதான் அந்த மனிதர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். திரும்பவும் படியில் காலை வைத்துவிட்டார். நேற்றுப் பார்த்த நாலு கலங்கரை விளக்கங்களிலும் இதே கதைதான்.

அந்தக் கடற்கரையில் பழைய விளக்கங்கள் மொத்தம் ஆறு. ஒவ்வொன்றின் உச்சியிலும் சங்கிலியில் ஒரு முத்திரை தொங்கும். ஏறிப் போய் அட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். ஆறும் சேர்ந்தால் கடைசி விளக்கத்தின் பலகையில் பெயர் எழுதுவார்கள். 'ஒரு தடவை ஏறினால் ஒரு முத்திரை' என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் பலகைக்கு ஆசைப்பட்டுத்தான் டீச்சர் விடுமுறையைப் படிக்கட்டுகளில் கழித்துக்கொண்டிருந்தார். கணவருக்கு முழங்கால் வலி. எல்லா இடத்திலும் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஐந்தாவது விளக்கத்தில் குட்டு உடைந்தது. தொப்பிக்காரரின் சட்டைப் பையில் இரண்டு அட்டைகள்.

முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் பிட் பிடித்த கண், சும்மா விடுமா? ஆறாவது விளக்கத்தில் ஏறி இறங்கிய கையோடு, பலகை எழுதும் ஊழியரிடம் நேராகப் போனார்.

"அந்தத் தொப்பிக்காரரை விசாரிங்க சார். ரெண்டு அட்டை வெச்சிருக்கார். ஏறாதவங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினா, ஏறினவங்களுக்கு என்ன மரியாதை?"

ஊழியர் சிரித்தபடி ஜன்னலைக் காட்டினார். வெளியே சக்கர நாற்காலியில் ஒரு பெண், விளக்கின் உச்சியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் சம்சாரம். இன்னொரு அட்டை அவங்களோடது. ஒரே ஏத்தத்துல ரெண்டையும் குத்திக்கோங்க சார்னு நானே சொன்னேன். கேக்கலையே. அவ முத்திரைக்கு அவளுக்காகத் தனியாத்தான் ஏறணும்னுட்டார். இது பன்னிரண்டாவது தடவை."

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்களும் முடிச்சிட்டீங்கபோல. அட்டையைக் குடுங்கம்மா, பேரை எழுதிடறேன்."

கைப்பைக்குள் போன டீச்சரின் கை வெளியே வரவில்லை.

அதற்குள் கணவர் காரிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"ரெண்டு அட்டையையும் குடுத்துட்டியா? என் பேரை முதல்ல எழுதச் சொல்லு."