கரையான் தொடாத தொட்டில்

"குழந்தை படுக்குற தொட்டிலுக்குக் கரையான் மருந்தா? வேற யாரையாவது பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தச்சர் இழைப்புளியை மறுபடி கையில் எடுத்தார்.

வந்திருந்த கண்ணாடிக்கார அம்மாள் அசையவில்லை. முக்காலியில் படிந்திருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, நிதானமாக உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாரும் பூச்சி மருந்தை பிரஷ்ஷால மேலாக்கப் பூசித் தர்றேங்கறாங்கண்ணே. நீங்கதான் மரத்தை மருந்துத் தண்ணியில ஊறப் போட்டு உள்வரைக்கும் ஏத்துவீங்களாம். அதான் தேடிக்கிட்டு வந்தேன்."

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? இழைப்புளி கீழே இறங்கியது.

பட்டறையின் பின்புறம், நீளவாக்கில் பிளந்த டிரம்மில் தச்சரின் மனைவி வெந்நீர் ஊற்றி வெண்காரமும் போரிக் பவுடரும் கலக்கிக்கொண்டிருந்தாள். அறுப்பது, இழைப்பது, துளை போடுவது எல்லாம் முடிந்த பிறகுதான் மரம் அந்தத் தண்ணீருக்குள் போகும். ஊறியதற்கு அப்புறம் இழைத்தால் மருந்தெல்லாம் சுருளோடு சுருளாகப் போய்விடும் என்பது தச்சரின் கணக்கு. அதில் அவர் கறார்.

"ஜன்னல், நிலைன்னா சரி. தொட்டில்ல குழந்தை ஒரு வருஷம் படுக்கும். அப்புறம் பரண்ல ஏத்திடுவீங்க. அதுக்கு எதுக்கு மருந்து?"

"எனக்கு முப்பது வருஷம் தாங்கணும். மண் தரையில நிக்கப் போகுது. கரையான் நடமாடுற இடம்."

மனைவிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. துடுப்பைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள். "முப்பது வருஷமா! உங்களுக்கு எத்தனை பேரப் பிள்ளைங்கம்மா?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் கல்யாணமே பண்ணிக்கல."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை பெறும் முன்னே பெயர் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார்கள். இது அதற்கும் ஒருபடி மேலே.

"இன்னொண்ணு. தொட்டில் ஆட வேண்டாம். நாலு காலும் அசையாம நிக்கணும்."

"ஆடாத தொட்டிலா? சரி, அது உங்க இஷ்டம்" என்றார் தச்சர். "காலு, பலகை, அடிச்சட்டம் எல்லாத்தையும் ஊறப் போட்டுடறேன். மேல் சட்டத்தை மட்டும் தொட மாட்டேன். பல்லு முளைக்கிற பிள்ளை முதல்ல அதைத்தான் கடிக்கும். எம் பொண்ணு என் உளிப்பிடியையே கடிச்சவ."

"மேல் சட்டத்தையும் போட்டுடுங்கண்ணே."

"மாட்டேன்."

அம்மாள் சிரித்தார். "முதல்ல செய்ங்க. அப்புறம் பேசிக்கலாம்."

தொட்டில் உருவாகி, ஊறி, நிழலில் காய்ந்து, பட்டறை நடுவே நின்றது. வார்னிஷ் ஒன்றுதான் பாக்கி. பார்க்க வந்த அம்மாள் கால்களைத் தடவினார், பலகையைத் தட்டினார், கடைசியில் மேல் சட்டத்தில் கை வைத்தார்.

"இதை ஊறப் போடலதானே?"

"சொன்ன சொல் மாற மாட்டேன்மா."

"மருந்து போட்ட கால் மேலயே மண்ணைக் கட்டிக்கிட்டு ஏறி, போடாத சட்டத்தைக் கரையான் தின்னுடுமாமே?"

"தின்னும். தின்னா தின்னுட்டுப் போகட்டும். சட்டத்தை மாத்திக்கலாம், பிள்ளையை மாத்த முடியுமா?"

"பல்லு முளைக்கிற பிள்ளை இதுல படுக்காதுண்ணே. எந்தப் பிள்ளையும் பத்து நிமிஷத்துக்கு மேல இதுல இருக்காது."

தச்சருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து இழைத்தது, யாரோ வந்து மெச்சிவிட்டுப் போகும் காட்சிப் பொருளுக்கா? கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது.

"அப்போ இது உங்களுக்கு வேண்டாம்மா" என்றார், குரலை உயர்த்தாமல். "நான் செஞ்ச தொட்டில் ஒண்ணுகூட இதுவரைக்கும் காலியாக் கிடந்ததில்ல. யாராவது பிள்ளைக்காரி எடுத்துட்டுப் போகட்டும். இதுல ஒரு குழந்தை நிம்மதியாத் தூங்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

"ஏங்க, அவசரப்படாதீங்க" என்று மனைவி அவர் தோளைத் தொட்டாள். "எதுக்குத்தாம்மா இந்தத் தொட்டில்? அதையாவது சொல்லுங்க."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் அனாதைக் குழந்தைங்க காப்பகம் நடத்துறேன். பெத்த பிள்ளையை வெச்சுக்க முடியாதவங்க குப்பையில போட்டுடாம, எங்க வாசல்ல இதுல விட்டுட்டுப் போகட்டும்னுதான். விட்டதுமே உள்ளே மணி அடிக்கும், ஓடி வந்து தூக்கிடுவோம். ஆனா, ஒரு பிள்ளைகூட வராம, முப்பது வருஷமும் இது காலியாவே நிக்கணும்னு ஆசைப்படுறேண்ணே."

 தச்சர் சுத்தியலை எடுத்துச் சட்டத்தின் ஆப்புகளைத் தட்டித் தளர்த்தினார். மேல் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் கையாலேயே மருந்துத் தண்ணீரில் முக்கினார்.