மேலத்தெருவுக்கு வந்த குழாய்

அன்னக்கொடி கொஞ்சமும் முகம் சுளிக்காமல் குடித்ததுதான் சேனாதிபதிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, இடுப்பில் இருந்த பிள்ளைக்கும் புகட்டினாள்.

வில்பட்டிக்குக் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஊருக்குச் சேனாதிபதிதான் தலைவர். மழை பொய்த்ததில் மேலத்தெரு ஊற்று வற்றிப்போனது. பெண்கள் வில்பட்டி வரைக்கும் மேடேறிப் போய்த் தண்ணீர் சுமந்து இடுப்பொடிந்து கிடந்தார்கள்.

அதற்காகத்தான் ஓவர்சீயர் குமாரவேல் புதுத் தொட்டி கட்டியிருந்தார். கொடைக்கானல் பங்களாக்களில் குளித்துத் துவைத்துக் கழித்துவிட்ட தண்ணீர் ஓடையாக இறங்கி வரும். அதை மணலிலும் கரியிலும் வடிகட்டி, மருந்து கலந்து குழாயில் விட்டிருந்தார். குடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் தொட்டியடியில் ஊர் கூடியிருந்தது.

"எவனோ காறித் துப்பிக் கால் கழுவுன தண்ணி. இதுல சோறாக்கி எம்பிள்ளைகளுக்குப் போடவா?" என்றாள் கந்தம்மாள். மேலத்தெருப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"மதுரைக்கு அனுப்பிச் சோதிச்சாச்சுங்க, ஒரு கிருமி கெடையாது" என்றார் குமாரவேல். "இன்னிக்கு நீங்க வேண்டாம்னா, குழாயப் பக்கத்து ஊருக்குத் திருப்பிடச் சொல்லி உத்தரவு."

"நல்ல தண்ணின்னா மருந்து எதுக்கு?" என்று கேட்டார் சேனாதிபதி. கூட்டம் தலையாட்டியது.

அப்போதுதான் கீழத்தெரு அன்னக்கொடி யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து, குடத்து வாயில் துணியைக் கட்டிக் குழாயில் பிடித்தாள். "வடிகட்டுன தண்ணிம்மா, துணி எதுக்கு?" என்று குமாரவேல் சிரித்தார்.

"கை பழகிப்போச்சுங்க" என்றபடிதான் செம்பில் சாய்த்துக் குடித்தாள்.

சேனாதிபதி செம்பை வாங்கி முகர்ந்து பார்த்தார். மருந்து நெடி லேசாக அடித்தது. நிமிர்ந்தபோது ஓவர்சீயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பேசிவைத்துக்கொண்டு நடத்துகிறார்கள் என்று சேனாதிபதிக்கு உறுதியாகிவிட்டது.

"ஏ அன்னக்கொடி, ஓவர்சீயர் உனக்கு என்ன குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கலீங்கய்யா."

"ஒண்ணும் வாங்காமயா பச்சப்புள்ளைக்குப் புகட்டுன?"

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். சேனாதிபதி தாடையைத் தடவி யோசித்தார்.

"சரி, இப்பிடிச் செய்வோம். கீழத்தெரு ஆளுக ஒரு மாசம் குடிக்கட்டும். யாருக்கும் வாந்தி பேதி வரலைன்னா, பெறகு நாம குடிக்கிறதப் பத்திப் பேசுவோம்."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. "மனுசங்கள வச்சா சோதிக்கிறது?" என்று குமாரவேல் முணுமுணுத்தது யார் காதிலும் ஏறவில்லை. எவருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் முடித்துவிட்டோம் என்று சேனாதிபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்னக்கொடி அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ சரிவின் விளிம்புக்கு ஓடி, "எல்லாரும் வெரசாக் குடத்த எடுத்துட்டு வாங்க!" என்று கீழத்தெருவைப் பார்த்துக் கூவினாள். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்புள்ள, அடுத்தவன் குளிச்ச தண்ணியக் குடிக்க இம்புட்டு அவசரமா? ஒனக்கு அருவருப்பா இல்ல?"

அவள் தயங்கினாள். மேலத்தெரு ஊற்றடியில் குளிக்கும் கல்லிலிருந்து கீழத்தெருவுக்கு இறங்கும் காய்ந்த வாய்க்காலை ஒருமுறை பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. ஊத்து வத்துற வரைக்கும், நீங்க குளிச்சு மாடு கழுவி விட்ட தண்ணியத்தான் நாங்க குடிச்சோம்."

கந்தம்மாளின் முந்தானை மூக்கிலிருந்து நழுவியது.

அன்னக்கொடி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதையாச்சும் வடிகட்டிக் குடுக்கிறாங்க."