இறந்த தேதி: காலி

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மில் ஓய்வூதியர்கள் அத்தனை பேரும் செத்திருந்தார்கள்.

ஒருத்தர் பாக்கியில்லை. கம்பத்திலிருந்து கோயம்புத்தூர் வரை, எல்லோரும் ஒரே நாளில்.

1900, ஜனவரி ஒன்று.

கொன்றவள் அவள்தான்.

டப்பாவை மூடினாள்.

நேற்றுவரை அவர்கள் பழைய டேட்டாபேஸில் இருந்தார்கள். அங்கே 'இறந்த தேதி' காலியாக இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். இன்று காலையில் வேறொரு கம்பெனியின் டேட்டாபேஸுக்கு எல்லோரையும் குடிமாற்றினாள். இதனிடம் 'காலி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தேதிக் கட்டத்துக்கு வெறும் கையோடு வந்தால், கைவசம் வைத்திருக்கும் பழைய தேதி ஒன்றைத் தானே எழுதிக்கொள்ளும்.

தெரிந்த விஷயம்தான். மறந்துவிட்டாள்.

மூன்று கம்பெனி டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது, மூன்று வீட்டுக்கு ஒரே சமயத்தில் மருமகளாய் இருப்பது மாதிரி. ஒரு வீட்டு வழக்கம் அடுத்த வீட்டில் குற்றம். அவள் நிம்மதியாகத் தூங்கி ஒரு யுகம் இருக்கும்.

ஐந்து மணிக்கு ஓய்வூதியப் பட்டியல் தானாக வங்கிக்குப் போய்விடும். செத்தவர்களுக்குப் பணம் கிடையாது.

போன் அடித்தது. தேனி கிளை எழுத்தர் தவமணி.

"மேடம், அங்குச்சாமின்னு ஒரு பெருசு கவுன்ட்டர்ல நிக்கிறாரு. நீங்க ஆயிரத்தித் தொள்ளாயிரத்துலயே எறந்துட்டீங்கய்யான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். நான் பொறந்ததே அம்பதுலதான்டா, அதுக்கு முன்னாடி எப்படிடா சாவேன்னு சட்டையப் புடிக்கிறாரு."

"உட்காரச் சொல்லுங்க. எழுப்பிடறேன்."

முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தாள். அந்த அளவுக்காவது மூளை விழித்திருந்தது.

பிறகு கட்டளை. முதல் வரி: இறந்த தேதியைக் காலி செய். இரண்டாவது வரி: 1900 என்று இருப்பவர்களுக்கு மட்டும்.

இரண்டாவது வரி மனத்தில் இருந்தது. விரல் முதல் வரியோடு என்டரைத் தட்டிவிட்டது.

பழைய டேட்டாபேஸ் என்றால் பதற வேண்டாம். 'கமிட்' என்று சொல்லும்வரை எதையும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். தட்டிவிட்டு யோசிப்பது அவள் கைக்குப் பழக்கம்.

புதியதில் தட்டினால் தட்டியதுதான்.

எல்லோரும் எழுந்தார்கள். உண்மையிலேயே செத்தவர்களும்.

மாரடைப்பில் போனவர், லாரியில் போனவர், சங்கத் தேர்தலில் தோற்ற துக்கத்தில் போனவர். தமிழ்நாட்டுச் சுடுகாடுகளில் பாதி காலி. பட்டியல் இப்படியே வங்கிக்குப் போனால் எமனே நேரில் வந்து விளக்கம் கேட்பான்.

சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

நகலை ஏற்றி, சரியாகச் செய்தால் பத்து நிமிட வேலை. அடித்தாள். இரண்டு வரியும் இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். விரலை என்டர் மேல் வைத்தாள்.

மீண்டும் தவமணி.

"பெருசுக்கு உயிர் வந்துருச்சு மேடம். ஆனா எந்திரிக்க மாட்டேங்குறாரு."

"இன்னும் என்னவாம்?"

"அவரு சம்சாரம் ஒச்சம்மாளும் நம்ம மில்லுதான். போன வருசம் தவறிட்டாங்க. அவ பேரையும் பாருடான்னாரு. பாத்தேன். 'உயிருடன்'னு பச்சையில காட்டுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்புன்னு எனக்குத் தெரியுது. அவருக்கும் தெரியாம இல்ல. ஆனா ஸ்கிரீன என் பக்கம் திருப்ப விடமாட்டேங்குறாரு. நாற்காலிய இழுத்துப் போட்டு அது முன்னாடியே உக்காந்துட்டாரு மேடம்."

போனில், கொஞ்சம் தள்ளி, ஒரு கிழக்குரல் கேட்டது.

"ஏத்தா ஒச்சு, அங்கிட்டும் ஒன்னைய வச்சுக்கிற முடியலைன்னுட்டாய்ங்களா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

என்டர் மேல் இருந்த விரல் வலித்தது.

"கவுன்ட்டர் எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

"நாலரைக்கு மேடம்."

அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.