அவிழாத முடிச்சு

எந்தக் காற்றுக்கும் அவிழாத ஒரு முடிச்சைத் தூக்கணாங்குருவி கண்டுபிடித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே சொல்லிக்கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனைதான்: இந்த முடிச்சைப் போட்டுக் கூடு கட்டி வாடகைக்கு விட்டால், குடிவந்தவர் கேட்கும்போது முடிச்சைக் காட்ட வேண்டும்.

அணில் வேகவேகமாகத் தலையாட்டிக் கற்றுக்கொண்டது. கூடுகள் கட்டி, வாசலில் பெரிய பலகையும் மாட்டியது: "சத்தம் போடக் கூடாது. கொட்டை உடைக்கக் கூடாது. முடிச்சைப் பார்க்கக் கூடாது. உள்ளே கால் வைத்தாலே எல்லாவற்றுக்கும் சம்மதம்."

குடிவந்த மைனா, முடிச்சைக் காட்டச் சொன்னது.

"பலகையைப் படிக்கலையாக்கா?" என்றது அணில்.

"அதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்ற மைனா, நேரே தூக்கணாங்குருவியிடம் போய் முறையிட்டது.

குருவி வந்து பலகையைக் கடைசி வரி வரை படித்தது. "சத்தம், கொட்டை எல்லாம் உன் கூடு, உன் சட்டம். நான் தலையிட மாட்டேன். ஆனா முடிச்சு என்கிட்ட வாங்கினதுதானே, தம்பி? அதோட நிபந்தனையை உன் பலகை எப்படி அழிக்கும்?"

அணில் முனகிக்கொண்டே அந்த ஒரு வரியை அழித்தது.

மைனா முடிச்சை நன்றாகப் பார்த்துக்கொண்டது. "இதுதான் நியாயம்!" என்று மரமே அதிரக் கத்தியது.

அணில் பலகையின் முதல் வரியைக் காட்டியது. "அவன் கூடு, அவன் சட்டம்" என்று குருவியும் பறந்துவிட்டது. மைனா கூட்டைக் காலி செய்தது.

மறுவாரமே எதிர்க் கிளையில் மைனாவின் கூடுகள் வாடகைக்கு வந்தன. வாசலில் பலகை. அதில் ஒரே வரிதான்: "முடிச்சைப் பார்க்கக் கூடாது."