பாலத்துக்கு முன்னால்

திசைக் குமிழின் மேல் அவளுடைய இரண்டு விரல்கள் இருந்தன.

குமிழை ஒரு டிகிரி திருப்பினால் விமானமும் ஒரு டிகிரி திரும்பும். தானாகத் திரும்பாது. இந்தப் பள்ளத்தாக்கின் வளைவுகள் ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது. காட்டிய திசையில் போக மட்டும் தெரியும்.

இரு பக்கமும் மலை.

பின்னால் நூற்றுப் பதினெட்டுப் பேர்.

"சார் அந்த நீலக் கூரை தெரிஞ்சதுமே திருப்பிருவாங்க, மேடம்."

வலப்பக்க இருக்கையிலிருந்து பெனிட்டா சொன்னாள். துணை விமானி. நாகர்கோவில்காரி. இருபத்தாறு வயது.

சார் என்று பெனிட்டா சொன்னது, இடப்பக்கத்தில் கேப்டனாக உட்கார்ந்திருந்தவளின் கணவரை.

அவரும் கேப்டன்தான். கணவனையும் மனைவியையும் நிறுவனம் ஒரே காக்பிட்டில் அனுப்பாது. ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கு ஒருவராவது வேண்டுமே என்பார்கள். பதினான்கு வருடம் இருவரின் வெள்ளைச் சட்டைகளும் ஒரே வாஷிங் மெஷினில் சுழன்றன. அவர் தரையிறக்குவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர் இறந்தது மலையில் அல்ல. வீட்டில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது.

அன்று அவள் கொல்கத்தாவில் இருந்தாள்.

இந்தப் பெண் பார்த்திருக்கிறாள். இதே ஓடுபாதையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று முறை. காலையில் காபி குடிக்கும்போது அவளே சொன்னாள், பெருமையாக.

அவர் மேல் வேறு மாதிரி சந்தேகம் என்றால் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு யாரோடு சண்டை போடுவது?

நீலக் கூரை தெரிந்தது. ஏதோ பள்ளிக்கூடம்.

"திருப்பலாம், மேடம்."

"மேப்புல பாலத்துல திருப்பணும்னுதான் போட்டிருக்கு. உங்க சார் வரைஞ்ச மேப் எங்கிட்ட இல்ல."

உங்க சார். சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

பெனிட்டா வரைபடத்தின் பக்கம் திரும்பினாள்.

விரல்கள் அசையவில்லை. கூரை இறக்கைக்கு அடியில் போய் மறைந்தது.

பாலம் வந்தது. இடப்பக்கம் திருப்பினாள். வரைபடத்தின்படி சரியான இடம்தான்.

ஆனால் மூடுபனியால் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிட்டது. அது விமானத்தை வலப்பக்கச் சரிவை நோக்கித் தள்ளியது.

இதற்காகத்தான் அவர் முன்னாலேயே திருப்பியிருக்கிறார்.

சரிவின் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

நிலம், நிலம் என்று கருவியின் எச்சரிக்கைக் குரல் கத்தியது.

ஆட்டோபைலட்டைத் துண்டித்து விமானத்தைக் கையில் எடுத்தாள். எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து மூக்கை மேலே தூக்கினாள். மலை கீழே நழுவியது. பிறகு வெறும் வானம்.

பெனிட்டா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் சொன்னாள்.

"இன்னொரு தடவ முயற்சி பண்ண எரிபொருள் இருக்கு, மேடம். இல்லன்னா திரும்பிரலாம். நீங்க சொல்லுங்க."

திரும்பிப் போகலாம். காற்று என்று சொன்னால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மறுபடியும் ஆட்டோபைலட்டை இணைத்தாள். ஒரு முழு வட்டம் அடித்தாள்.

"பெனிட்டா."

"மேடம்?"

"அவர் என்ன செய்வார்னு சொல்லு. ஒண்ணுவிடாம."

பிச்சை கேட்பதுபோல இருந்தது.

பெனிட்டா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். எந்த முகட்டில் வேகத்தைக் குறைப்பார். எங்கே சக்கரங்களை இறக்குவார். கூரை தெரிந்ததும் எவ்வளவு திருப்புவார். குமிழைக் கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, மறுபடியும் கொஞ்சம் திருப்புவார்.

விமானம் வளைந்தது. காற்று தள்ளியது. தள்ளிய பிறகும் மரங்கள் தூரத்திலேயே இருந்தன.

கடைசிக் குன்று விலகியது. ஓடுபாதை.

"இங்க ஆட்டோபைலட்ட எடுத்திருவாங்க."

"அப்புறம்?"

பெனிட்டா யோசித்தாள்.

"அதுக்கப்புறம் எதுவுமே பேச மாட்டாங்க, மேடம்."

கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள். ஆட்டோபைலட் விலகியதைச் சொல்லும் மணி ஒலித்து ஓய்ந்தது. காற்றோடு சேர்ந்து விமானம் முழுவதும் கைக்கு வந்தது.

அவளும் பேசவில்லை.