வசனம் இல்லாத கட்டுரை

"இவளுக்குப் பரிசு கிடையாது. அவ்வளவுதான்!"

வெர்லின் கிரேபில் மேஜையில் தட்டிய வேகத்தில் காபி தளும்பியது.

"படிக்கும்போது நீங்களே மூக்கைச் சிந்தினீங்களே, வெர்லின்" என்றாள் ஓபல். தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள். போட்டியின் இன்னொரு நடுவர்.

"அது ஜலதோஷம்! விதி என்ன சொல்லுது? பொதுப் பத்திரிகையில வேலை பார்க்கிற கிறிஸ்தவங்களுக்குப் போட்டி. அச்சான கட்டுரையில ஒரு வேத வசனமாவது இருக்கணும். இதுல கர்த்தர் பேர்கூட இல்லையே!"

பழைய டிராக்டர் வாங்கி விற்று முன்னுக்கு வந்தவர் வெர்லின். போட்டியைத் தொடங்கியதும், விதி எழுதியதும், பரிசு கொடுப்பதும் அவர்தான்.

கட்டுரை, அடிக்கிற புருஷனிடமிருந்து இரண்டு பிள்ளைகளோடு தப்பி வந்து, இந்த வட்டாரத்திலேயே யார் வீட்டிலோ ஒளிந்திருக்கும் பெண்ணைப் பற்றியது. பேர் இல்லை, ஊர் இல்லை. எழுதியவள் உள்ளூர் நாளிதழின் நிருபர் மார்லா.

"நார்ம் டகெட்தான் வெட்டியிருப்பான், பாவி!"

நார்ம் அந்த நாளிதழின் ஆசிரியர். நாஸ்திகர். தனிக்கட்டை. போதாக்குறைக்கு வெர்லினின் எதிர்வீடு. 'தினம் முழிச்சதும் கண்ணுல படட்டும்' என்றே வெர்லின், தன் பண்ணையில் சோளம் கொட்டி வைக்கும் கோபுரத்தில், நார்ம் வீட்டைப் பார்த்தாற்போல் ஆள் உயர எழுத்தில் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தார். கர்த்தரே அடைக்கலம் என்கிற வசனம். வட்டாரமே அதைச் சொல்லிச் சிரித்தது.

வெர்லின் ஃபோனை எடுத்தார்.

"மார்லா, வசனம் எங்கே? நார்ம் வெட்டிட்டானா?"

"இல்லை சார். நான்தான் எடுத்தேன்."

"நீயா? ஆபீஸ்ல நாலு பேர் சிரிப்பாங்கன்னு வெட்கமாக்கும்!"

"அந்தப் பொண்ணே ஒரு வசனம் சொன்னா, சார். தினம் அதைப் படிச்சுட்டுத்தான் பிள்ளைங்களை எழுப்புறாளாம். போட்டிருந்தா உங்க பரிசு எனக்குத்தான்னு தெரியாதா?"

"பின்னே ஏன் எடுத்தே?"

மார்லா குரலைத் தாழ்த்தினாள்.

"அதை அவ புஸ்தகத்துல படிக்கலை, சார். போட்டா அவ இருக்கிற இடம் தெரிஞ்சுடும். வாக்குக் குடுத்திருக்கேன். இதுக்கு மேல கேட்காதீங்க. பரிசை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"புஸ்தகத்துல இல்லாம பின்னே எதுல..."

வெர்லின் பாதியில் நிறுத்தினார். சமையலறை ஜன்னல் வழியே கோபுரத்தின் எழுத்தில்லாத பின்பக்கம் தெரிந்தது. அந்த எழுத்தைப் படிக்க முடிகிற ஜன்னல் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

மெதுவாக ஃபோனை வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் ஓபல்.

"முதல் பரிசு அவளுக்கு."

"வசனம் இல்லையே! விதி?"

"நான் போட்ட விதி. நானே அடிச்சுட்டேன்."

"காரணம்?"

"கேட்காதே. யார்கிட்டேயும் பேசாதே."

ஓபல் செய்து கொண்டுவந்திருந்த ஆப்பிள் கேக் மேஜையில் இருந்தது. கத்தி படாத முழுக் கேக். அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார் வெர்லின்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நார்ம் வீட்டுக்கு."

"நார்முக்கா? நீங்க பேசியே பத்து வருஷம் ஆச்சே! அதுவும் தனிக்கட்டைக்கு எதுக்கு நாலு பேர் சாப்பிடுற கேக்?"

வெர்லின் திரும்பாமலே சொன்னார்:

"இந்த நாஸ்திகனுங்களுக்குப் பசி ஜாஸ்தி, ஓபல்!"